ஐஷே கணக்கு இடிக்கிறதா? எங்கே தேடுவது

வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு கலைக்கல்லூரியில் பாடம் நடத்துவது என் வேலை. "மேடமுக்குக் கம்ப்யூட்டர் தெரியும்" என்று யாரோ சொன்ன ஒரு வார்த்தையில் கல்லூரிக் கணக்கைத் திரட்டி அரசுக்கு அனுப்பும் நோடல் ஆபீசர் பொறுப்பும் வந்து ஒட்டிக்கொண்டது. கணக்கெடுப்பின் முழுப்பெயர் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு. ஆபீசில் எல்லோருக்கும் அது 'ஐஷே'. 2010-11 முதல் ஒன்றிய அரசு ஆண்டுதோறும் நடத்துகிறது. அதற்கான படிவத்தின் பெயர் டிசிஎஃப்: பல்கலைக்கழகத்துக்கு டிசிஎஃப்-1, கல்லூரிக்கு டிசிஎஃப்-2, எந்தப் பல்கலைக்கழகத்தோடும் சேராத தனி நிறுவனங்களுக்கு டிசிஎஃப்-3. முன்பு பிடிஎஃப் படிவத்தை இறக்கி, நிரப்பி, ஏற்றுவோம். 2020-21 முதல் இணையத்திலேயே நிரப்புகிறோம்.

தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 என்று 2021-22 அறிக்கை சொன்னதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். 18 முதல் 23 வயது வரை உள்ள மக்கள்தொகையில் நூறு பேருக்கு எத்தனை மாணவர்கள் என்கிற கணக்கு அது. அந்த மாணவர் எண்ணிக்கை நம் மாதிரி மேசைகளிலிருந்துதான் போகிறது.

கீழே இருப்பவை இத்தனை வருஷத்தில் எங்களைப் படுத்திய கோளாறுகள். எது உங்களுக்கு வந்திருக்கிறதோ அங்கே நேராகப் போய்விடலாம். ஆனால் எங்கே போனாலும் ஒன்று கூடவே வரும்: எந்த எண்ணைக் கொடுத்தாலும் அதன் பின்னால் பெயர்ப் பட்டியல் இருக்க வேண்டும். "பி.காம். 57 மேடம்" என்று யாராவது துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் நான் வாங்குவதில்லை. 57 பேர் யார் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன். இதனால் ஸ்டாஃப் ரூமில் எனக்கு நல்ல பெயர் கிடையாது. பரவாயில்லை.

மூன்று பேரைக் கேட்டால் மூன்று மொத்தம் வருகிறது

உதாரணத்துக்கு, சேர்க்கைப் பதிவேட்டில் முதலாண்டு 64. ஃபீஸ் கவுன்டரில் 61. துறைத்தலைவர் 57 என்கிறார். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. 64 என்பது வந்து சேர்ந்தவர்கள், 61 பணம் கட்டியவர்கள், 57 அன்றைக்கு வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள். மூன்றும் மூன்று கேள்விக்கான பதில்கள். படிவம் கேட்பது நான்காவது கேள்வியை: குறிப்பிட்ட தேதியில் உங்கள் கல்லூரி மாணவராக இருந்தவர்கள் எத்தனை பேர்?

எனவே முதல் வேலை, தேதியைப் பிடிப்பது. முன்பெல்லாம் செப்டம்பர் 30 என்று இருந்தது. அந்தந்த ஆண்டின் அறிவுறுத்தலில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று பார்த்து, அதைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஒட்டாவிட்டால் ஒவ்வொரு துறையும் தான் பட்டியல் எடுத்த நாளின் கணக்கைத் தரும்.

அடுத்தது டி.சி. புத்தகத்தின் அடிக்கட்டை. சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். அந்தத் தேதிக்குள் டி.சி. வாங்கிப் போனவர்களைக் கழியுங்கள், முதல்வர் உத்தரவில் பெயர் நீக்கப்பட்டவர்களைக் கழியுங்கள், மறுசேர்க்கை உத்தரவு பெற்றவர்களைக் கூட்டுங்கள். வருவதுதான் மொத்தம். இங்கே சேர்ந்துவிட்டு இன்ஜினீயரிங் கவுன்சிலிங்கில் இடம் கிடைத்ததும் கிளம்புகிறவர்கள் எங்களிடம் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. அவர்கள் டி.சி. வாங்கிவிடுவார்கள், பதிவேட்டில் அந்தப் பெயரின்மேல் கோடு விழாது. கோடு போட வேண்டியவர் ஒருவர், டி.சி. எழுதுகிறவர் இன்னொருவர், இருவரும் வேறு வேறு அறை. எங்கள் கணக்கில் ஓட்டை விழுந்த இடங்களில் முக்கால்வாசி இந்த இரண்டு அறைகளுக்கு நடுவில்தான்.

வருகைப் பதிவை வைத்து யாரையும் கழிக்காதீர்கள். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல் முடிகிறது. அடுத்த நாளே படகில் ஏறிவிடுகிற காசிமேட்டுப் பையன்கள் எங்களிடம் உண்டு. ஜூலை முழுக்க வகுப்பில் முகத்தைப் பார்க்க முடியாது. ஆகஸ்டில் ஒரு நாள் வந்து, "கடலுக்குப் போயிருந்தேன் மேடம்" என்று நிற்பான். அவன் அந்த இரண்டு மாதமும் நம் மாணவன்தான்.

பிரிவுகளைக் கூட்டினால் மொத்தத்தைத் தாண்டுகிறது

இது சின்ன விஷயம், ஆனால் புதிதாக நிரப்புகிறவர்கள் அநேகமாக எல்லோரும் இதில் விழுகிறார்கள். பொது, எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., இ.டபிள்யூ.எஸ். (பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர்) என்று பிரித்ததைக் கூட்டினால் மொத்தம் வந்துவிட வேண்டும். மாற்றுத்திறனாளி, முஸ்லிம், பிற சிறுபான்மையினர் என்று கேட்பவை தனி ஆட்கள் அல்ல. ஏற்கெனவே எண்ணியவர்களில் எத்தனை பேர் இப்படி என்று மறுபடி கேட்கிறார்கள். வகுப்பில் 40 பேர், அதில் 6 முஸ்லிம், 2 மாற்றுத்திறனாளி என்றால் மொத்தம் 40-தான். 48 வந்தால் கதை இதுதான்.

கூட்டல் சரியாக வருகிறது, ஆனால் பிரிவுகளைப் பார்த்தால் நம்ப முடியவில்லை

போர்ட்டல் இதைக் கண்டுபிடிக்காது. சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை எதுவும் வராது. அதனால்தான் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

நம் சான்றிதழ்கள் தமிழ்நாட்டின் மொழியில் பேசுகின்றன: ஓ.சி., பி.சி., பி.சி. முஸ்லிம், எம்.பி.சி., டி.என்.சி. (சீர்மரபினர்), எஸ்.சி., எஸ்.சி. அருந்ததியர், எஸ்.டி. இடஒதுக்கீட்டில் பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி.யும் டி.என்.சி.யும் சேர்த்து 20, எஸ்.சி. 18, எஸ்.டி. 1 என்று 69 சதவீதமாகப் பிரிவது இந்தப் பெயர்களில்தான். படிவம் டெல்லி மொழியில் கேட்கிறது. நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பது பெரும்பாலும் தற்காலிக ஊழியராக இருக்கும் ஒரு தம்பி. அவருக்கு யாரும் ஒரு அட்டவணை எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

நாங்கள் போடுகிற முறை இது. பி.சி., பி.சி. முஸ்லிம், எம்.பி.சி., டி.என்.சி. எல்லாம் ஓ.பி.சி.க்குப் போகும். பி.சி. முஸ்லிம் மாணவர் முஸ்லிம் வரிசையிலும் இன்னொரு முறை வருவார். எஸ்.சி., எஸ்.சி. அருந்ததியர் இரண்டும் எஸ்.சி. அருந்ததியருக்கு 2009-ல் கொடுத்த 3 சதவீதம் அந்த 18-க்குள் இருக்கும் உள்ஒதுக்கீடு, தனிப் பிரிவு அல்ல. ஒரு வருஷம் எங்கள் பட்டியலில் 'எஸ்சிஏ' என்று இருந்தவர்கள் எந்தப் பிரிவிலும் சேராமல் பொதுவில் விழுந்திருந்தார்கள். எக்செல் சூத்திரம் 'எஸ்சி' என்பதை மட்டும் தேடியது. மிச்சத்தையெல்லாம் பொது என்று எடுத்துக்கொண்டது. ஓ.சி. என்றால் பொது. தமிழ்நாட்டில் மாநில அரசின் சேர்க்கையில் 10 சதவீத இ.டபிள்யூ.எஸ். ஒதுக்கீடு நடைமுறையில் இல்லை. குடும்ப வருமானம் குறைவு என்பதற்காக ஓ.சி. மாணவர்களை அந்தக் கட்டத்தில் போட்டுவிடாதீர்கள். அது சேர்க்கை ஒதுக்கீட்டின் பெயர்.

சான்றிதழில் டி.என்.சி.யோடு டி.என்.டி. (சீர்மரபுப் பழங்குடியினர்) என்றும் சேர்த்துப் போட்டிருக்கும். கடைசி எழுத்தைப் பார்த்துவிட்டு எஸ்.டி.யில் ஏற்றியவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பட்டியலில் நானும் ஒருத்தி, என் முதல் வருஷத்தில்.

மதத்தை வைத்துச் சாதிப் பிரிவை ஊகிப்பது அடுத்த பள்ளம். சேர்க்கை நேரத்தில் காசிமேட்டிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். விண்ணப்பத்தில் மதம் கிறிஸ்தவம். எங்கள் தம்பி யோசிக்காமல் பி.சி. என்று தட்டிவிட்டார்.

"மேடம், நான் எம்பிசி."

"கிறிஸ்டியன்னு போட்டிருக்கியேம்மா?"

"கிறிஸ்டியன்தான். மீனவர். சர்ட்டிபிகேட்டப் பாருங்க."

பார்த்தோம். அவள் சொன்னதுதான் சரி. எம்.பி.சி. பட்டியலில் மீனவர் என்ற பதிவிலேயே கிறிஸ்தவத்துக்கு மாறியவர்களும் அடக்கம். அதே நேரம், எஸ்.சி.யிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் நம் மாநிலப் பட்டியலில் பி.சி. ஒரே தெருவில், ஒரே கோயிலுக்குப் போகிற இரண்டு பேருக்கு இரண்டு பிரிவு இருக்கலாம். இருவருமே பிற சிறுபான்மையினர் வரிசையில் மறுபடி எண்ணப்பட வேண்டியவர்கள். கடலோரக் கல்லூரிகள் அந்த வரிசையில் பூஜ்யம் போட்டிருந்தால், நிரப்பியவர் மதம் என்ற பத்தியைத் திறக்கவே இல்லை என்று நான் முடிவு செய்துவிடுவேன்.

பட்டியல்களும் மாறும். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் 2023 தொடக்கத்தில் எஸ்.டி. ஆயின, அதுவரை எம்.பி.சி. அதற்கு முன் சேர்ந்த மாணவர் பழைய சான்றிதழோடு நம் கோப்பில் இருக்கலாம். கூப்பிட்டுக் கேளுங்கள், புதுச் சான்றிதழ் வாங்கியிருந்தால் நகலைச் சேருங்கள். உதவித்தொகைக்கும் அது வேண்டும்.

ஷிப்ட் இரண்டைக் காணவில்லை, அல்லது இரண்டு முறை வந்திருக்கிறது

எய்டட் காலையில், செல்ஃப் பைனான்ஸ் மதியத்தில் நடக்கிற கல்லூரிகளுக்கு மட்டும். வளாகம் ஒன்று, ஐஷே எண்ணும் ஒன்று, ஆபீஸ் மட்டும் இரண்டு. ஒருவர் நிரப்பிவிட்டார் என்று மற்றவர் நினைப்பார். அல்லது துறைத்தலைவர் இரண்டு ஷிப்டையும் கூட்டிக் கொடுத்திருப்பார், ஷிப்ட் இரண்டின் ஒருங்கிணைப்பாளர் தனியாகவும் கொடுத்திருப்பார். பெயர்ப் பட்டியல் இருந்தால் பல்கலைக்கழகப் பதிவு எண்ணை வைத்து இரட்டைப் பதிவை ஐந்து நிமிஷத்தில் பிடிக்கலாம். துண்டுச் சீட்டு மட்டும் இருந்தால் ஐந்து நாளிலும் முடியாது.

எக்செலில் எண்கள் தானாக மாறுகின்றன

ஆதார் எண்ணைத் தட்டிவிட்டு எழுந்து டீ குடித்து வந்தால் கட்டத்தில் 1.23457E+11 என்று நிற்கும். பன்னிரண்டு இலக்கத்தை எக்செல் கணக்குப் போடுகிற எண் என்று நினைத்துச் சுருக்கிக் காட்டுகிறது. அந்த நிலையில் ஆபத்தில்லை, உள்ளே முழு எண் இருக்கிறது. அதை அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால்தான் வினை. கண்ணுக்குத் தெரிந்த சுருக்கமே கோப்பில் எழுதப்படும், மீதி இலக்கங்கள் போயே போய்விடும்.

வங்கிக் கணக்கு எண் இன்னும் மோசம். எக்செல் பதினைந்து இலக்கம் வரைதான் நினைவில் வைக்கும். பதினாறாவது இலக்கம் எதுவாக இருந்தாலும் பூஜ்யம் ஆகிவிடும், சத்தமே இல்லாமல். ஒரு வகுப்பில் பல பேருடைய கணக்கு எண் பூஜ்யத்தில் முடிகிறதென்றால் உதவித்தொகை திரும்பி வரப்போகிறது என்று அர்த்தம். இது நடந்துவிட்டால் எக்செலுக்குள் மருந்தில்லை, பாஸ்புக்கைப் பார்த்துத்தான் மறுபடி தட்ட வேண்டும். தடுப்பது சுலபம்: தட்டுவதற்கு முன் அந்தப் பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். தட்டிய பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பாது.

பிறந்த தேதியில் கவனிக்க வேண்டியது எந்தப் பக்கம் ஒட்டி நிற்கிறது என்பதை. கணினி அமெரிக்க முறையில் இருந்தால் 05/08/2006 என்பது மே 8 ஆகிவிடும், கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். 23/08/2006-ஐ அதனால் தேதியாகப் படிக்க முடியாது, வெறும் எழுத்தாக இடப்பக்கம் நிற்கும். ஒரே பத்தியில் சில தேதிகள் இடப்பக்கம், சில வலப்பக்கம் என்றால் வலப்பக்கம் இருப்பவற்றைத்தான் சந்தேகப்பட வேண்டும். பார்க்க ஒழுங்காகத் தெரிபவைதான் தப்பு.

அப்புறம், 'பிசி' என்று எண்ணச் சொன்னால் முப்பது வருகிறது, கண்ணால் எண்ணினால் முப்பத்து நான்கு. அந்த நான்கில் 'பிசி'க்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒளிந்திருக்கும். 'டிரிம்' சூத்திரம் போட்டால் போகும். இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய பட்டியலில் அதற்கும் போகாது, அது வேறு வகை இடைவெளி. அதை ஒரு கட்டத்திலிருந்து நகலெடுத்து, 'ஃபைண்ட்' பெட்டியில் ஒட்டி, 'ரீப்ளேஸ்' பெட்டியைக் காலியாக விட்டு, முழுவதையும் மாற்றுங்கள்.

பெயர் ஒத்துப்போகவில்லை

இது ஐஷேயில் வராது, அங்கே எண்ணிக்கைதான் பேசும். மாநிலத்தின் கல்லூரி மாணவர் தரவுத்தளமான யுஎம்ஐஎஸ்ஸில் ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியாக ஏற்றுகிறோமே, அங்கே வரும். புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1000 ரூபாய் வரவில்லை என்று கவுன்டரில் வந்து நிற்பவர்களைக் கேட்டால் அடிக்கடி அடியில் இருப்பது இதுதான்.

நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல் இருக்கிறது. பள்ளி மாணவர் தரவுத்தளமான எமிஸ்ஸில் 'செ. தேவி'. ஆதாரில் 'தேவி செல்வம்'. வங்கியில் 'தேவி செ'. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அம்மா பெயரும் சேர்த்து 'செ. ம. தேவி'. நமக்கு ஒரே தேவி, கணினிக்கு நான்கு பேர். இதில் எதையும் நீங்களாகத் 'திருத்த' வேண்டாம். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று போர்ட்டல் கேட்கிற இடத்தில் அப்பா பெயரை விரித்து எழுதி உதவி செய்வதாக நினைத்து, ஒரு வகுப்பையே நாங்கள் கெடுத்திருக்கிறோம். பல்கலைக்கழகப் பட்டத்தில் என்ன பெயர் வருமோ அது பத்தாம் வகுப்புச் சான்றிதழிலிருந்துதான் வரும். அதை அடிப்படையாக வைத்து, ஆதாரை அதற்கு ஒத்தபடி மாற்றச் சொல்லுங்கள். முதலாண்டு முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டால் இ-சேவை மையத்தில் ஒரு நாள் வேலை. மூன்றாம் ஆண்டில் சொன்னால் அழுகை.

எமிஸ் எண் தெரியாது என்றால் புதிதாக எதையும் உருவாக்காதீர்கள், படித்த பள்ளியில் கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் படித்தவர்களுக்கு அது நடந்து போகிற தூரம்தான்.

சில்லறைக் கோளாறுகள்

தேர்வு எழுதியவர்களைவிடத் தேறியவர்கள் அதிகமாக இருந்தால், அரியர் எழுதித் தேறிய பழைய மாணவர்களை ஒரு பக்கம் சேர்த்து, மறுபக்கம் விட்டுவிட்டீர்கள். எம்.ஃபில்.லில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்று எண் வந்தால் போன ஆண்டுப் படிவத்தைப் பார்த்து யாரோ நிரப்பியிருக்கிறார்கள். 2022-ன் யுஜிசி விதிமுறைகளோடு அந்தப் படிப்பு நின்றுவிட்டது. கல்லூரி ஆராய்ச்சித் துறையில் பிஎச்.டி. செய்பவர்களைப் பல்கலைக்கழகமும் எண்ணிவிடாமல் ஒரு போன் போட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.

போன வருஷ முதலாண்டையும் இந்த வருஷ இரண்டாமாண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கொஞ்சம் குறைந்திருந்தால் இயல்பு. கூடியிருந்தால் மறுசேர்க்கை உத்தரவு இருக்க வேண்டும். ஒரு தலை கூடக் குறையாமல் அப்படியே இருந்தால் எனக்கு அதுதான் ரொம்பச் சந்தேகம்: துறையில் யாரும் எண்ணவில்லை.

என்ஐஆர்எஃப்பில் ஒன்று, நாக் அறிக்கையில் ஒன்று, ஐஷேயில் ஒன்று

தேசியத் தரவரிசையான என்ஐஆர்எஃப், கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக், ஐஷே மூன்றிலும் எண் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று பதறி, ஒன்றைப் பார்த்து இன்னொன்றைத் திருத்துவதுதான் இதில் பெரிய தப்பு. கேட்கிற கல்வியாண்டு வேறாக இருக்கலாம், தேதி வேறாக இருக்கலாம். அனுமதிக்கப்பட்ட இடங்கள் ஒரு கேள்வி, உண்மையில் படிப்பவர்கள் இன்னொரு கேள்வி. வித்தியாசம் இருக்கலாம், அதற்குக் காரணம் உங்களிடம் எழுத்தில் இருந்தால் போதும். நாக் சரிபார்ப்பில் விளக்கம் கேட்டார்கள் என்றால், "ஐஷே தேதிக்குப் பிறகு 11 பேர் டி.சி. வாங்கினார்கள், பட்டியல் இணைப்பில்" என்ற ஒரு வரியில் வேலை முடியும்.

அனுப்பியாகிவிட்டது, இப்போதுதான் தப்புத் தெரிகிறது

அடுத்த வருஷம் சரி செய்துகொள்ளலாம் என்று சூப்பிரண்டென்ட் சார் சொல்வார். கேட்காதீர்கள். அடுத்த வருஷம் அந்தத் தப்போடு ஒப்பிட்டுத்தான் உங்களைக் கேள்வி கேட்பார்கள். பல்கலைக்கழக நோடல் ஆபீசருக்கு முதல்வர் கையெழுத்தோடு எழுதி, படிவத்தைத் திறந்துவிடச் சொல்லுங்கள். கெடு முடிவதற்குள் என்றால் நடக்கும். எந்தக் கட்டத்தில் என்ன இருந்தது, என்ன ஆக வேண்டும், ஏன் என்று மூன்று பத்தி உள்ள அட்டவணை போட்டு அனுப்பினால் திரும்பத் திரும்பப் போன் வராது.

சமர்ப்பித்ததும் வருகிற சான்றிதழை மட்டும் அச்செடுத்துக் கோப்பில் போட்டுவிட்டு மறந்துவிடுவது வழக்கம். நான் அதன் பின்னால் அந்தத் தேதிக்கான பெயர்ப் பட்டியல், டி.சி. கழிவு, பிரிவு அட்டவணை மூன்றையும் சேர்த்துத் தைத்துவிடுவேன். ஸ்கேன் செய்து முதல்வர் மெயிலுக்கும் ஒன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் ரெக்கார்ட் ரூமில் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. இரண்டு சேர்க்கைப் பதிவேடுகளில் நீல மை கரைந்து, பெயர்கள் இருந்த இடத்தில் வெறும் கறை மிஞ்சியது. அந்த இரண்டு ஆண்டுக் கணக்கையும் தைத்து வைத்த பட்டியலிலிருந்துதான் மறுபடி எழுதினோம். இப்போது அந்தக் கோப்புகள் பீரோவின் மேல்தட்டில் இருக்கின்றன. கீழ்த்தட்டில் பழைய வினாத்தாள்களைத் தவிர எதையும் வைப்பதில்லை.